ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று: காவிரி டெல்டாவில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளில் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. உப்பு அளவு சரியாக இருக்கும், வெப்பம் சரியாக இருக்கும், ஆனால் பிஎச் (நீரின் அமில-கார நிலையைக் காட்டும் அளவு) மட்டும் உயராமல் 7.8-ஐ ஒட்டியே நிற்கும். தொட்டி நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டிவிட்டால் இது சரியாகும் என்று சொல்லப்படுகிறது. அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நம் ஊரில் அந்த வெளிக்காற்று எங்கிருந்து, எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் குழாய் போட்டால், பிஎச் உயர்வதற்குள் இறால்கள் செத்துப்போகக்கூடும்.

ஸ்கிம்மர் இவ்வளவு காற்றை எதற்காக இழுக்கிறது?

மீன்களின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள புரதம் போன்ற கரிமப்பொருள்களுக்கு, நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஸ்கிம்மரின் மோட்டார் காற்றை இழுத்து மிக நுண்ணிய குமிழிகளாக உடைத்து அந்தப் பரப்பைப் பெருக்குகிறது. குமிழிகள் கழிவோடு மேலேறி நுரையாகி, கோப்பையில் வழிகின்றன. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று இழுக்கும் ஒரு நடுத்தர ஸ்கிம்மர், ஒரு நாளில் 14,400 லிட்டர் காற்றைத் தொட்டி நீரோடு கலக்கிறது. இத்தனை காற்றும் நீரும் நெருங்கிக் கலக்கும்போது கழிவு மட்டும் பிரிவதில்லை, வாயுக்களும் இடம் மாறுகின்றன. காற்றில் கரியமில வாயு மிகுந்திருந்தால் அது நீருக்குள் நுழையும், குறைந்திருந்தால் நீரிலிருந்து வெளியேறும்.

அறைக்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் அப்படியென்ன வேறுபாடு?

திறந்தவெளிக் காற்றில் கரியமில வாயு இப்போது ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கிறது. கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் நான்கு பேர் உறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உறங்கும் ஒருவர் மணிக்கு சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார் என்று கொண்டால், நால்வருக்கு 48 லிட்டர். பன்னிரண்டுக்குப் பத்து அடி கொண்ட சாதாரண அறையின் கொள்ளளவு கிட்டத்தட்ட 33,000 லிட்டர். கசிவே இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் 1,400 பிபிஎம்-க்கு மேல் ஏறிவிடும். கதவிடுக்கு வழியே காற்று கசிவதால் உண்மையில் அவ்வளவு வேகமாக ஏறாது என்றாலும், விடியும்போது 2,000 பிபிஎம்-ஐத் தொட்டிருப்பது அரிதன்று.

கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன், மாறாமல் இருக்கும்போது, காற்றில் அந்த வாயு இரு மடங்கானால், அதோடு சமநிலை அடைந்த நீரின் பிஎச் கிட்டத்தட்ட 0.3 குறையும். வெளிக்காற்றில் 8.2 நிற்கவேண்டிய நீர் 1,000 பிபிஎம் அறையில் 7.9-ஐ ஒட்டி நிற்பது இதனால்தான். தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ எடுத்து வந்த நல்ல கடல்நீர்கூட, சில நாள் மூடிய அறையில் சுழன்றபின் பிஎச் இறங்கிப்போவதற்குக் காரணமும் இதுவே. குறை நீரில் இல்லை.

எங்கள் கூடத்தில் ஏசி ஓடுகிறது. அது வெளிக்காற்றைத்தானே உள்ளே கொண்டுவருகிறது?

இல்லை. வீடுகளில் பொருத்தும் ஸ்பிளிட் ஏசி, அறையில் உள்ள அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளியில் மாட்டியிருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும் வெளியேற்றுகிறது. இரண்டுக்கும் இடையே ஓடும் செம்புக்குழாயில் குளிர்வாயு போகிறதே அன்றிக் காற்று போவதில்லை. ஏசிக்காக ஜன்னலை இறுக அடைப்பதால் நிலைமை மோசமாகவே ஆகிறது. ஏசி வாங்கிய மாதத்திலிருந்து பிஎச் இறங்கியதாகப் பலர் சொல்வதன் பின்னணி இதுதான்.

எங்களுடையது முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. எங்களுக்கும் குழாய் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. முற்றம் திறந்திருக்கும் வீட்டில் தாழ்வாரத்திலோ கூடத்திலோ தொட்டி இருந்தால், அது ஏற்கெனவே வெளிக்காற்றில்தான் இருக்கிறது. அத்தகைய வீட்டில் பிஎச் குறைவாக இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்: காரத்தன்மை குறைந்திருக்கலாம், அளவுக்கு மீறித் தீனி போட்டிருக்கலாம், பிஎச் மானியே பிழையாக இருக்கலாம்.

காற்றுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

குழாய் வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். முதலில் பிஎச் மானியை 7.00, 10.01 ஆகிய இரண்டு அளவுக் கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில், விளக்கு எரியத் தொடங்குமுன், தொட்டி நீரை இரண்டு பாத்திரங்களில் எடுத்து பிஎச்-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தைத் தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்தும், மற்றொன்றை மொட்டைமாடியில் வைத்தும், இரண்டிலும் ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போட்டு ஒரு மணி நேரம் நன்றாகக் காற்றடிக்கவும். பிறகு மீண்டும் அளக்கவும்.

மாடியில் வைத்த நீர் மட்டும் உயர்ந்து, அறையில் வைத்தது அப்படியே நின்றால், அறைக்காற்றே காரணம். குழாய் பலன் தரும். இரண்டுமே உயர்ந்தால் அறைக்காற்று நன்றாகத்தான் இருக்கிறது, தொட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஸ்கிம்மரைக் கழுவிச் சீர்செய்வதும், நீர்மேற்பரப்பை வேவ் மேக்கரால் கலக்குவதும், தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிடுவதும் போதும். இரண்டுமே உயராவிட்டால் காரத்தன்மையை அளந்து பாருங்கள்.

கரியமில வாயு மானி வாங்குவதானால் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் என்டிஐஆர் வகையையே வாங்குங்கள். விலை மலிந்த சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்துவிட்டுக் கரியமில வாயுவை ஊகித்துக் காட்டுகின்றன. ஊதுபத்தி ஏற்றினாலே அவை தாறுமாறாக ஏறும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

போதும். முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கொசுக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத வீடுகளே இங்கு அதிகம். குழாயின் தேவை அங்கேதான் எழுகிறது.

குழாய் போட்டால் பிஎச் எவ்வளவு உயரும்?

பொதுவாக 0.1 முதல் 0.2 வரை எதிர்பார்க்கலாம். அறை மிகவும் அடைபட்டிருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக உயரலாம். முழுப்பயன் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஸ்கிம்மர் வெளிக்காற்றை இழுத்தாலும், தொட்டியின் மேற்பரப்பும், சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத்தொட்டி) நீர் விழும் இடமும் அறைக்காற்றோடுதான் உறவாடிக்கொண்டிருக்கின்றன. ஒரு வழியாக வெளியேறும் வாயு இன்னொரு வழியாக உள்ளே வருகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று, தொட்டியில் உள்ள எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்வதால், பிஎச் இறங்குவதும் இயல்பே. அந்த இறக்கத்தின் ஆழம் குறையும், முற்றிலும் மறையாது.

மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு இது அவசியமா?

அவசியமில்லை என்பதே என் கருத்து. கோமாளி மீன், டாம்செல் போன்றவை 7.8 அளவில் நலமாகவே வாழ்கின்றன. சுண்ணாம்பை உடலில் படிய வைத்து வளரும் உயிர்களுக்கே இது முக்கியம்: தட்டையாகப் படரும் ஊதாநிறப் பவளப்பாசி, கிளிஞ்சல் வகைகள், குழாய்ப்புழுக்கள் ஆகியவை பிஎச் உயர்ந்தால் தெளிவாக வேகம் எடுத்து வளர்கின்றன. பவளம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கடலிலிருந்து கல்பவளத்தை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். யாராவது மன்னார் வளைகுடாப் பவளம் என்று கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள்.

பஃபர் பொடி போட்டால் பிஎச் உயர்ந்துவிடுமே, பிறகு குழாய் எதற்கு?

இந்த வழக்கத்தால் பாழாகும் தொட்டிகள் அதிகம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பஃபர் பொடிகளும் சமையல் சோடாவும் காரத்தன்மையைக் கூட்டுகின்றன. காற்றில் உள்ள கரியமில வாயு அப்படியே இருக்கும்போது காரத்தன்மையைக் கூட்டினால், பிஎச் சில மணி நேரம் உயர்ந்துவிட்டு மீண்டும் இறங்கிவிடும். மானியைப் பார்த்துப் பதறி மறுநாளும் போடுவோம். இயற்கைக் கடல்நீரில் சுமார் 7 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் இருக்கும் காரத்தன்மை இப்படியே 12, 14 என்று ஏறிக்கொண்டு போகும். ஒரு கட்டத்தில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்புப் படிவாகப் பிரியத் தொடங்கும். ஹீட்டரின் மேலும் பம்பின் இறக்கைகளிலும் வெள்ளைப் பொருக்கு கட்டும், மணல் கட்டிதட்டிப்போகும், கால்சியம் திடீரென்று சரியும். காரத்தன்மையை அளந்து, அது 7-க்கும் 9-க்கும் இடையே இருந்தால், பிஎச்-க்காக எந்தப் பொடியையும் போடாதீர்கள்.

எந்த அளவுக் குழாய் போட வேண்டும்?

ஸ்கிம்மரோடு வரும் 6 மி.மீ. ரப்பர் ஹோஸை அப்படியே ஐந்தாறு மீட்டர் நீட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. மெல்லிய குழாயில் காற்றுக்கான தடை, நீளத்துக்கு ஏற்ப நேராகக் கூடும். ஆனால் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று, 6 மி.மீ. உள்விட்டம் கொண்ட 5 மீட்டர் ஹோஸில் போவதற்கு சுமார் 5 செ.மீ. நீர்மட்ட அழுத்தம் செலவாகிறது. ஸ்கிம்மர் மோட்டார் காற்றை இழுக்கும் விசையே சிறிது என்பதால், இந்தத் தடையால் காற்றின் அளவு கண்கூடாகக் குறையும். அதே நீளத்துக்கு 20 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயைப் போட்டால் அழுத்த இழப்பு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

ஆகவே வீட்டு வயரிங்குக்குப் பயன்படுத்தும் 25 மி.மீ. பிவிசி கான்ட்யூட் பைப்பைச் சுவர் வழியே வெளியே கொண்டுபோய், ஸ்கிம்மருக்கு அருகில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸால் இணைப்பதே நல்லது. வளைவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் பசை தடவினால், அது நன்றாகக் காய்ந்து வாசனை போகும்வரை ஸ்கிம்மரில் மாட்டாதீர்கள்.

ஹோஸில் "கொடகொட" என்று சத்தம் கேட்கிறது, நுரையும் விட்டுவிட்டு வருகிறது. ஏன்?

குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளைப் பின்பற்றுவோர் இதை எதிர்பார்ப்பதில்லை. அங்கே வெளிக்காற்று உலர்ந்திருக்கும்; நம் டெல்டாவிலோ, அதிலும் நாகை, காரைக்கால் கரையோரத்தில், 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும் அளவுக்குக் காற்றில் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி இருக்கிறது. அந்தக் காற்று ஏசி அறையில் சில்லிட்டிருக்கும் குழாய்க்குள் வந்ததும், உட்சுவரில் வியர்வை போல நீர் அரும்பி, ஹோஸ் தொங்கி வளையும் இடத்தில் சேர்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த வளைவில் ஒரு விரற்கடை நீர் நிற்பதும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு குமிழியாகக் கடப்பதும் தெரியும். நீர் கூடக்கூடக் காற்று அடைபட்டுப்போகிறது.

குழாய் எங்கும் தொங்காமல், ஸ்கிம்மரிலிருந்து நேராக மேலெழுந்து, தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமான இடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சிறு சரிவோடு போகும்படி அமையுங்கள். சேரும் நீர் தானாக வெளியே வடிந்துவிடும். சரிவு கொடுக்க இடமில்லாவிட்டால், தாழ்ந்த இடத்தில் டி வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்க்காலில் மூடி போட்ட சிறு பாட்டிலை மாட்டி, அவ்வப்போது நீரைக் கொட்டிவிடலாம்.

குழாயின் வெளிவாயை எங்கே வைப்பது?

முதல் மாடி உயரத்தில், கீழ்நோக்கித் திருப்பிய எல்போ மாட்டி, மழைச்சாரல் படாத சன்ஷேடுக்கு அடியில் வையுங்கள். உயரம் முக்கியம். காற்று அசையாத இரவுகளில் பயிரும் மண்ணும் வெளிவிடும் கரியமில வாயு தரையை ஒட்டியே தேங்குவதால், வயலோர வீட்டில் விடியற்காலையில் தரையருகே உள்ள காற்று மாடிக்காற்றைப் போல நல்லதாக இராது.

கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கி, அடுப்படி எக்ஸாஸ்ட் விசிறி, ஜெனரேட்டர், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டியும் வைக்கக் கூடாது. கோமியத்திலிருந்து எழும் அமோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. ஸ்கிம்மர் அதை ஒன்றுவிடாமல் தொட்டிக்குள் இறக்கிவிடும். அரிசி ஆலையின் உமிச்சாம்பல் வந்து விழும் ஊர்களில், ஆலைக்கு எதிர்ப்பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

வாயில் வலை கட்டாயம் வேண்டும், அதுவும் நைலான் வலையே வேண்டும். கடலோரத்தில் இரும்பு வலை சில மாதங்களில் துருவாக உதிர்ந்துவிடும். வலை இல்லாத குழாயை மண்குளவி விட்டுவைக்காது. அது வாய்க்கால் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து வாயை அடைத்து, உள்ளே அறை அறையாகக் கட்டி, மயக்கிய சிலந்திகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை வைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய்க்கு யாரோ சிமெண்ட் பூசியது போலிருக்கும். உள்ளே ஸ்கிம்மர் காற்றில்லாமல் வெறும் நீரைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

வயலில் மருந்து அடிக்கும்போதும், தெருவில் கொசுமருந்துப் புகை வரும்போதும் என்ன செய்வது?

டெல்டாவில் இந்தக் குழாய் போடுபவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பூச்சிகளும் இறால்களும் நண்டுகளும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் தொகுதியைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, தொட்டியில் உள்ள க்ளீனர் இறாலின் நரம்பையும் தாக்கும். சைபெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகள் மனிதருக்கு ஓரளவு பாதுகாப்பானவையாக இருந்தாலும், மீன்களுக்கும் இறால்களுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சு.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நட்டபின் ஆடி, ஆவணியிலும், சம்பா, தாளடிக்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலும், குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் புகையானுக்கும் மருந்து அடிக்கிறார்கள். இப்போது ட்ரோன் மூலமும் அடிப்பதால் மருந்துத் துளிகள் இன்னும் நுண்ணியவையாகக் காற்றில் மிதக்கின்றன. மழைக்காலத்தில் டெங்கு தடுப்புக்காக உள்ளாட்சியினர் அடிக்கும் புகைமருந்திலும் பைரெத்ரமோ மாலத்தியானோ இருக்கும்.

எனவே ஸ்கிம்மருக்கு அருகிலேயே, கைக்கெட்டும் இடத்தில், வெளிக்காற்றுக்கும் அறைக்காற்றுக்கும் மாற்றிக்கொள்ளும் ஒரு வால்வைப் பொருத்துங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் அறைக்காற்றுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் காற்று தெளிந்தபின் திருப்பினால் போதும். வயல்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர்களே சொல்லி அனுப்புவார்கள். தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டி வரும் சத்தம் கேட்டாலோ, வால்வை மாற்றுவதோடு நில்லாமல் ஸ்கிம்மரையும் ஏர் பம்பையும் முழுவதும் நிறுத்திவிட்டு, ஜன்னலை அடைத்து, வேவ் மேக்கரை மட்டும் ஓடவிடுங்கள். புகை வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்பதே காரணம். மணம் முற்றிலும் அடங்கியபின் ஸ்கிம்மரைப் போடலாம். சிறிதளவு உள்ளே போயிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், புதிய ஆக்டிவேட்டட் கார்பனைச் சம்ப்பில் வைத்து, நீரில் ஒரு பங்கை மாற்றிவிடுங்கள்.

தீபாவளி இரவிலும், அறுவடை முடிந்து தாள் எரிக்கும் நாள்களிலும் இதே முறைதான். தை, மாசியில் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசுக்கு வலையின் மேல் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு போதும்.

அப்படியானால் அறைக்காற்றே பாதுகாப்பானது அல்லவா?

அப்படியும் சொல்ல முடியாது. கொசுவர்த்திச் சுருளிலும் பிளக்கில் செருகும் திரவ மருந்திலும் இருப்பவை பெரும்பாலும் அதே பைரெத்ராய்டு குடும்பத்து மருந்துகளே. இரவெல்லாம் அது எரியும் அறையில் ஸ்கிம்மர் அந்தக் காற்றையே குடிக்கிறது. சாம்பிராணிப் புகையும், பலகாரம் சுடும்போது எழும் எண்ணெய் ஆவியும் வேறு. எண்ணெய்ப்படலம் நீரில் சேர்ந்தால் நுரை கட்டாமல் ஸ்கிம்மர் பல மணி நேரம் சும்மா ஓடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் வெளிக்காற்றுக் குழாய் தொட்டியைக் காப்பாற்றும். தொட்டி இருக்கும் அறையில் கொசுமருந்தை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டிக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

குழாயில் கார்பன் வடிகட்டி மாட்டினால் மருந்துக்குப் பயப்பட வேண்டாமா?

அதை நம்பி வால்வைத் தவிர்க்காதீர்கள். கார்பன் வாசனைகளையும் பல கரிம ஆவிகளையும் ஓரளவு பிடிக்கும். மிதக்கும் துளிகளை முழுதாகப் பிடிக்காது, அமோனியாவைப் பெரிதாகத் தடுக்காது, கரியமில வாயுவைக் குறைக்காது. நம் ஊர் ஈரத்தில் அதன் பிடிப்புத் திறனும் விரைவில் மங்கிவிடும்.

நெல்வயலிலிருந்து வரும் மீத்தேன் தொட்டிக்குக் கெடுதலா?

இல்லை. நீர் தேங்கிய வயல் மீத்தேனை வெளிவிடுவது உண்மை. ஆனால் அது திறந்தவெளியில் மிகவும் நீர்த்துப்போகிறது, நீரில் அரிதாகவே கரைகிறது, பிஎச்-ஐ மாற்றுவதில்லை.

சித்திரை வெயிலில் சூடான காற்று உள்ளே வந்தால் தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குச் சுமை கூடாதா?

பொருட்படுத்தும் அளவுக்குக் கூடாது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர், அதாவது முக்கால் கிலோவுக்கும் குறைவான காற்று. அது தொட்டி நீரைவிட 10 டிகிரி சூடாக வந்தாலும் நீரில் சேரும் வெப்பம் சுமார் 2 வாட் மட்டுமே. காற்றின் ஈரம் குளிர்வதால் வரும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் சில வாட். தொட்டிக்குள் ஓடும் ஒரு சிறு பம்பு இதைவிட அதிக வெப்பத்தைத் தரும்.

மின்சாரம் போனால் குழாய் வழியாக நீர் வெளியேறிவிடுமா?

மோட்டார் நின்றதும் ஹோஸுக்குள் நீர் சம்ப்பின் மட்டம் வரை ஏறும். குழாய் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கி வெளியே போனால், நீர் அதன் வழியே வழிந்து சம்ப் காலியாகக்கூடும். மேலே சொன்னபடி குழாயை முதலில் தொட்டி மட்டத்துக்கு மேல் எழுப்பிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. புயல்காலத்தில் இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் ஸ்கிம்மரை விட்டுவிட்டு வேவ் மேக்கருக்கும் ஏர் பம்புக்கும் மின்சாரம் கொடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாள்களில் முதலில் தேவைப்படுவது ஆக்சிஜன். பிஎச் பற்றி மின்சாரம் வந்தபின் கவலைப்படலாம்.

ஏர் பம்ப் வைத்து வெளிக்காற்றைத் தள்ளலாமா?

ஸ்கிம்மருக்குள் நேராகத் தள்ள வேண்டாம். மோட்டார் தாங்கும் அளவுக்கு மேல் காற்று போனால் குமிழிகள் பெரிதாகி நுரை கலைந்துவிடும்.

வாடகை வீடு, சுவரில் துளையிட முடியாது. வேறு வழி உண்டா?

ஜன்னல் சட்டத்தில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அக்ரிலிக் பலகை பொருத்தி அதில் துளையிடலாம். அதுவும் முடியாதவர்கள் சோடா லைம் வைக்கலாம். அறுவை அரங்கில் மயக்க மருந்துக் கருவியில் கரியமில வாயுவை உறிஞ்சப் பயன்படுத்தும் வெண்மணிகள் இவை; சக்தி தீர்ந்ததும் ஊதாநிறமாக மாறும். இவற்றை ஒரு வடிகட்டிக் குடுவையில் நிரப்பி, காற்று அதன் வழியே ஸ்கிம்மருக்குள் போகும்படி செய்ய வேண்டும். ஒரு கிலோ சோடா லைம் அதிகபட்சம் சுமார் 250 லிட்டர் கரியமில வாயுவை உறிஞ்சும். 1,000 பிபிஎம் காற்றில் நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுத்தால் நாளொன்றுக்கு 14 லிட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே போகிறது. ஆகவே ஒரு கிலோ இரண்டு வாரத்தைச் சற்றுத் தாண்டும், நடைமுறையில் அதற்கும் முன்னே தீர்ந்துவிடும். ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே மூடி வழியாகக் குடுவைக்குத் திருப்பிவிட்டால் இன்னும் நீண்ட நாள் வரும். இது அரிக்கும் காரம் என்பதால் கையுறை அணிந்தே தொட வேண்டும், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். மாதாமாதம் ஆகும் செலவைப் பார்த்தால், துளையிட முடிந்தவர்களுக்குக் குழாயே நல்லது.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாம் என்கிறார்களே?

சுண்ணாம்பு நீர் சிறந்த வழிதான். கால்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்துத் தருவதோடு, நீரில் உள்ள கரியமில வாயுவையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கடையில் வெற்றிலையோடு தரும் சுண்ணாம்பு தூய்மையானது அன்று. மணப்பொருளும் வேறு கலப்பும் இருக்கக்கூடும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை வாங்கி, ஆர்ஓ நீரில் லிட்டருக்கு 1.5 கிராம் அளவில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும், ஆவியாகும் நீரை ஈடுசெய்யும் அளவுக்கு, சொட்டுச்சொட்டாக இரவில் விட வேண்டும். அதன் பிஎச் 12-ஐத் தாண்டும் என்பதால் ஒரே மூச்சில் ஊற்றினால் மீன்கள் பிழைக்கமாட்டா. குழாயோடு இதையும் சேர்த்துச் செய்யலாம். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

குழாய் மாட்டிய பிறகு என்னென்ன கவனிக்க வேண்டும்?

காற்றின் அளவு சிறிது மாறியிருக்கும் என்பதால், நுரை ஏறும் மட்டம் மாறும். முதல் நாள் ஸ்கிம்மரின் நீர்மட்ட வால்வைச் சற்றுச் சற்றாகத் திருப்பிச் சரிசெய்து, கோப்பை நிரம்பி வழிகிறதா என்று இரவில் ஒருமுறை பாருங்கள். காற்று நுழையும் சிறு துளையில் உப்பு பூத்து அடைபடுவது வழக்கம்; ஹோஸைக் கழற்றி அதில் வெந்நீர் விட்டால் கரைந்துவிடும். பிஎச்-ஐ ஒரு வாரம் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். வெளிவாயின் வலையை மாதம் ஒருமுறையும், குளவி கூடு கட்டும் காலத்தில் வாரம் ஒருமுறையும் பார்த்துத் துடைத்துவிடுங்கள்.